‘கார்பென்டேரியா’ நாவலும் ‘கன்ட்ரி’ என்ற சட்டமும்: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அலெக்சிஸ் ரைட் எழுதிய ‘கார்பென்டேரியா’ 2006-இல் வெளியானது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கியப் பரிசான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது அதற்குக் கிடைத்தது. அதற்கு முன் 2000-இல் கிம் ஸ்காட் என்ற நூங்கார் எழுத்தாளர் அந்த விருதை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டிருந்தார். தனியாக வென்ற முதல் பூர்வகுடி எழுத்தாளர் ரைட்தான். வான்யி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் க்ளோன்கரி என்ற ஊரில் தாயும் பாட்டியும் வளர்த்த பிள்ளை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுபவர்களிடம் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, “இது மாய யதார்த்தவாத நாவல்,” அதாவது நடக்க முடியாததை அன்றாட நடப்பு போலச் சொல்லும் கற்பனை. இன்னொன்று, “பூர்வகுடிகளுக்கு நிலம் தாய் மாதிரி, அந்தப் பாசத்தைச் சொல்லும் நாவல்.” இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதான். ஆனால் இவற்றை நம்பிக்கொண்டு உள்ளே போகிறவர் நூறாவது பக்கத்துக்குள் திணறிவிடுவார். ஆறு ஏன் இப்படி நடந்துகொள்கிறது, இரண்டு குடும்பங்கள் எதற்காக இப்படி அடித்துக்கொள்கின்றன, மகனோடு அப்பா ஏன் பேசுவதில்லை என்று எதுவுமே பிடிபடாது. நாவலின் அடியில் ஒரு சட்டம் ஓடுகிறது. அதற்குப் பெயர் ‘கன்ட்ரி’. அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நாவல் திறந்துகொள்ளும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கதை நடக்கும் இடம்

ஆஸ்திரேலியாவின் வடக்கே நிலத்துக்குள் ஆழமாக நுழைந்திருக்கும் கடல், கார்பென்டேரியா வளைகுடா. அதன் தென்கரை ஏறக்குறைய முழுக்கத் தட்டை. சேற்றுப் பரப்பு, உப்புப் படுகை, அலையாத்திக் காடு, அதற்குப் பின்னால் புல்வெளி. மழைக்காலத்தில் ஆறுகள் கரை தாண்டிப் பரவினால் பல நாள் சாலைத் தொடர்பே இருக்காது. இந்தக் கரையில் பர்க்டவுன் என்று ஒரு சிற்றூர் உண்டு. மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில், விடியற்காலையில், நீளமான குழாய் வடிவ மேகம் ஒன்று வளைகுடாவிலிருந்து உருண்டு வரும். சில சமயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கிளைடர் ஓட்டிகள் அங்கே போகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஆறும் காற்றும் மேகமும் வெறும் பின்னணியாக இருந்துவிட முடியாது.

நாவலில் வரும் டெஸ்பரன்ஸ் இந்தக் கரையில் அமைந்த கற்பனை ஊர். துறைமுகமாக வேண்டும் என்று கட்டப்பட்டது. பிறகு ஒரு காலத்தில் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அன்றிலிருந்து தண்ணீர் இல்லாத துறைமுகம். நடுவில் ‘அப்டவுன்’ என்ற பெயரில் வெள்ளையர்கள். ஊரைச் சுற்றியுள்ள முட்புதர்க் காட்டில் பூர்வகுடிகள். அவர்களும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். மேற்குப் பக்கத்துக்குத் தலைவர் நார்மல் ஃபான்டம், கிழக்குப் பக்கத்துக்கு ஜோசப் மிட்நைட்.

நார்மலின் மனைவி ஏஞ்சல் டே, ஊர்க் குப்பைமேட்டில் ஒரு கடிகாரத்தையும் மேரி மாதா சிலையையும் கண்டெடுக்கிறாள். அதை வைத்துத் தொடங்கும் வாய்ச்சண்டை கைகலப்பாகி, பழைய பகையைக் கிளறிவிடுகிறது. அப்புறம் குர்ஃபரிட் என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் வருகிறது. நார்மலின் மகன் வில் அதை எதிர்க்கிறான். அவன் காதலிப்பதோ மிட்நைட்டின் பேத்தி ஹோப்பை.

கதைச்சுருக்கம் இவ்வளவு போதும். ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் போகும் நாவல் இது, நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை.

குலதெய்வக் கோயிலிலிருந்து தொடங்குவோம்

நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊரில் உங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. அது யாருடையது? பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி, அது பங்காளிகள் எல்லாருக்கும் உரியது. எவராவது “இது என்னுடையது” என்று சொந்தம் கொண்டாடினால் சண்டை வரும். விற்கிற பேச்சே கிடையாது. சென்னையில் பிறந்து வளர்ந்து, அந்த ஊரை இரண்டே முறை பார்த்த பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. நாற்பது வருடம் அதே தெருவில் குடியிருக்கும் வெளியாளுக்கு அந்த இடம் கிடையாது. அங்கே உரிமை கடமையாகத்தான் வந்து சேர்கிறது. வரி கொடுக்க வேண்டும், கொடைக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். செய்யாமல் விட்டால் நல்லதில்லை என்று வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுவார்கள்.

இப்போது அந்தக் கோயிலின் சுற்றுச்சுவரை எடுத்துவிடுங்கள். எல்லை விரிந்துகொண்டே போகட்டும். பக்கத்து ஓடை, அதில் உள்ள மீன், அந்தப் பக்கத்துக் குன்று, அங்கே வரும் பறவை, அடிக்கிற காற்று, கடற்கரை, கடலுக்குள் இருக்கும் பாறை, அதற்கு மேலே தெரியும் நட்சத்திரம் எல்லாமே உள்ளே வந்துவிடட்டும். ஒரு குழுவுக்கும் இந்த முழுப் பரப்புக்கும் இடையே உள்ள உறவைத்தான் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் கன்ட்ரி என்கிறார்கள். நிலம், நீர், உயிர்கள், மூதாதையர், இவற்றைப் பராமரிக்கும் கடமை, அந்தக் கடமையைச் சொல்லும் சட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே பொருள் அது.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது. அந்த இடம் முக்கியமானது. நம் ஊரில் பிழைப்புக்காக இடம் பெயர்கிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய், போன ஊரில் புதுக் கோயில் கட்டிக்கொள்ள முடியும். கன்ட்ரிக்குப் பிடிமண் கிடையாது. அந்த ஆற்றை உண்டாக்கிய மூதாதை அந்த ஆற்றில்தான் இருக்கிறது. ஆற்றைத் திருப்பினால் அதற்கு வேறு முகவரி இல்லை. சுரங்க நிறுவனங்கள் எத்தனை நல்ல மனதோடு “வேறு இடம் தருகிறோம்” என்று சொன்னாலும் பேச்சு முறிந்துபோவது இதனால்தான்.

சுருக்கமாக: கன்ட்ரி என்பது சொத்தாக இருக்கும் நிலம் கிடையாது. விற்கவோ எடுத்துச் செல்லவோ முடியாத, கடமையோடு சேர்ந்து வருகிற ஓர் உறவு.

தனியாக யாரும் முடிவெடுக்க முடியாது

கடமை என்றால் யார், என்ன செய்வது? இங்கேதான் பலரும் “அவர்கள் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தார்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது ஒரு பெரிய நிர்வாக அமைப்பை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். அந்த அமைப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

ஐரோப்பியர் வந்து குடியேறிய 1788-இல் ஆஸ்திரேலியாவில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. எல்லாருக்கும் ஒரே வழக்கம் இல்லை. அதனால் ஒரு மக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மத்திய ஆஸ்திரேலியாவின் தனாமி பாலைவனத்தைச் சேர்ந்த வார்ல்பிரி மக்களிடம் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வகை பொறுப்பாளர்கள் உண்டு. தந்தை வழியில் அந்த இடத்துக்கு உரியவர்கள் கிர்டா. தாய் வழியில் உரியவர்கள் குர்டுங்குர்லு. சடங்கு நடக்கும்போது உடலில் வண்ணம் பூசி ஆடுகிறவர்கள் கிர்டா. அந்த வண்ணத்தைப் பூசிவிடுவது, களத்தைத் தயார் செய்வது, பாட்டும் ஆட்டமும் சரியாக வருகிறதா என்று கூர்ந்து பார்ப்பது, தவறினால் திருத்துவது எல்லாம் குர்டுங்குர்லு.

ஒரே ஆள் தன் தந்தையின் கன்ட்ரிக்குக் கிர்டா, தன் தாயின் கன்ட்ரிக்குக் குர்டுங்குர்லு. இன்று ஆடுகிறவர் நாளை இன்னோர் இடத்தில் மேற்பார்வை பார்ப்பார். இதனால் எந்த இடத்தைப் பற்றியும் ஒரு தரப்பு மட்டும் கூடி முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் பக்கத்துக் குடும்பத்தின் கணக்கைப் பார்க்கிற பொறுப்பில் இருக்கிறது. வளைகுடாப் பக்கத்திலும் இதே மாதிரியான இரட்டை ஏற்பாடு உண்டு. போரலூலா வட்டாரத்தில் தாய் வழிப் பொறுப்பாளர்களை ஜுங்காயி என்பார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு நாவலுக்குத் திரும்பினால் ஃபான்டம்–மிட்நைட் சண்டையின் கனம் புரியும். ஊர் இரண்டாகப் பிரிவது மனத்தாங்கலோடு முடிகிற விஷயம் இல்லை. ஒருவரையொருவர் சரிபார்க்கிற கண்ணே போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்துச் சுரங்கக்காரர்கள் வந்து “இந்த நிலத்துக்கு உரியவர் யார்? கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்கள். ஒற்றைக் கையெழுத்தைக் கேட்கிற முறையும், பலரும் சேர்ந்தால் மட்டுமே செல்லுகிற முறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாவலின் பாதிச் சண்டை இதிலிருந்து வருவதுதான்.

பாம்பு எதற்கு முதல் அத்தியாயத்தில்?

நாவல் மனிதர்களோடு தொடங்குவதில்லை. மேகங்களைவிடப் பெரிய ஒரு பாம்பு விண்ணிலிருந்து இறங்கி வருகிறது. அந்த ஈரக் களிமண் பரப்பில் ஊர்ந்து ஊர்ந்து பள்ளங்களை உண்டாக்குகிறது. பள்ளங்கள் ஆறுகளாகின்றன. பிறகு அது நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் நீர்நிலைகளில் தங்கிவிடுகிறது. அதன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதோடு கடலின் ஏற்றவற்றமும் பருவங்களும் சேர்ந்திருக்கின்றன.

இதைப் படித்தவுடன் பலர் ‘மாய யதார்த்தவாதம்’ என்ற பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். ரைட்டின் நாவல் அந்த இடத்திலேயே வேறொன்றையும் சொல்கிறது: இந்த ஆற்றையும் கரையையும் பற்றிய உள்ளறிவுதான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த சட்டம். எனக்கு இது நாவலின் சாவி. ஆறு எப்போது பொங்கும், எந்தத் தடத்தில் திரும்பும், எங்கே குடியிருக்கக் கூடாது, எந்த மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பாம்பின் வரலாற்றுக்குள் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டியிருக்க மாட்டார்கள். அறியாதவர்கள் கட்டினார்கள், ஆறு தள்ளிப் போனது.

இங்கே இன்னொரு சொல்லையும் விளக்கிவிடுகிறேன். மூதாதை உயிர்கள் நிலத்தை உருவாக்கிய செயலையும், அந்தச் செயல் நிலத்தில் விட்டுச்சென்ற சட்டத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ட்ரீமிங்’ என்கிறார்கள். அதை அந்தக் காலத்துப் புராணமாக நினைத்துக்கொண்டால் தவறிவிடுவோம். பாம்பு இறங்கியது எப்போதோ நடந்தது. ஆனால் அது இன்றும் மூச்சு விடுகிறது, இன்றும் ஆற்றை அசைக்கிறது. நாவலில் வினைகள் எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே நடப்பது போலத் தோன்றும். முதல் வாசிப்பில் குழப்பமாக இருக்கும் இந்தக் கதைசொல்லும் முறை, ட்ரீமிங்கை அப்படியே உரைநடையில் வைத்தால் கிடைக்கிற முறை.

கடைசிப் பகுதியில் வரும் பெரும்புயலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அதை ‘இயற்கையின் பழிவாங்கல்’ என்று சுருக்கினால் சினிமாத்தனமாகிவிடும். முதல் அத்தியாயத்தில் எழுதப்பட்ட சட்டம் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: பாம்பின் கதைக்குள் ஆற்றின் இயல்பு இருக்கிறது. அந்த இயல்பே அங்கே சட்டம். அந்தச் சட்டத்தோடு சேர்ந்த படைப்புச் செயலுக்குப் பெயர் ட்ரீமிங்.

பாட்டாகக் கைமாறும் வரைபடம்

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று. வில் தலைமறைவாகத் திரிகிறான். ஹோப்பும் குழந்தை பாலாவும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவன் போய் நிற்பது தன் அப்பாவின் பரம எதிரியான ஜோசப் மிட்நைட்டிடம். கிழவர் முதலில் முறைக்கிறார். பிறகு பாடத் தொடங்குகிறார். தொலைவில் இருக்கும் தன் கன்ட்ரிக்குப் போகும் வழியை, ஓர் இடம் விடாமல், வரிசை மாறாமல் பாடுகிறார். நூற்றுக்கணக்கான இடங்கள். அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தச் சடங்கை வாழ்நாளில் செய்ததும் இல்லை. பாட்டு மட்டும் அவரிடம் இருந்திருக்கிறது. அது தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவருக்கே வியப்பு.

இப்படி இடங்களை வரிசைப்படுத்தி வழியாகக் கோக்கும் பாடலைப் பாடல்வழி என்று சொல்லலாம். மூதாதை நடந்த தடம் அது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தைச் சுற்றிப் போக வேண்டும், யாருடைய எல்லை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் பாட்டில் உண்டு. நீண்ட பாடல்வழிகள் பல மொழிக்காரர்களின் நிலங்களைக் கடந்து போகும். ஒருவர் தன் பகுதியை மட்டும் பாடும் உரிமை பெற்றவர். அடுத்த பகுதி அடுத்தவருடையது.

அதனால்தான் மிட்நைட் வில்லிடம் பாடுவது பெரிய காரியம். பகைவரின் மகனுக்கு அவர் தன் கன்ட்ரியின் கதவைத் திறந்துவிடுகிறார். வில் அதைக் கவனமாக மனதில் வாங்க வேண்டும். ஒரு வரி மாறினாலும் கடலில் வழி தப்பிவிடும். சொத்துப் பத்திரத்தையும் மாலுமியின் வரைபடத்தையும் ஒரே மூச்சில் வாய்வழியாகக் கொடுத்து வாங்குகிற காட்சி இது. ரைட் இதை ஆர்ப்பாட்டமில்லாமல் எழுதியிருக்கிறார். வேகமாகப் படித்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

கடல் பற்றியும் ஒரு வார்த்தை. கன்ட்ரி கரையோடு முடிவதில்லை. நார்மல் ஃபான்டம் கடலுக்கு உரிய மனிதர். நட்சத்திரங்களையும் பெரிய கலவா மீன்களையும் அறிந்தவர். நினைவு இழந்து கடலிலிருந்து நடந்து வந்த இலியாஸ் ஸ்மித் என்ற நண்பன் இறந்தபோது, உடலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கலவா மீன்களின் இடத்திலேயே சேர்க்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த நீருக்கும் முகவரி உண்டு.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது

இந்த நாவலுக்குப் பின்னால் உண்மையான வழக்குகளின் நீண்ட வரிசை இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அவற்றில் முக்கியமான சில இதே வளைகுடாவைச் சுற்றி நடந்தவை.

மேற்குக் கரையில் இருக்கிறது கோவ் தீபகற்பம். அங்கே பாக்சைட் தோண்ட அரசு அனுமதி கொடுத்தபோது, யோல்ங்கு மக்கள் 1963-இல் மரப்பட்டையில் ஓவியங்களோடு மனு எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு வழக்கும் போட்டார்கள். 1971-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி பிளாக்பர்ன், இவர்களிடம் நுட்பமான ஒரு சட்ட அமைப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சாட்சியத்தைப் பார்த்தால் நிலம் குலத்துக்கு உரியது என்பதைவிடக் குலம் நிலத்துக்கு உரியது என்று சொல்வதே எளிது என்றும் எழுதினார். கன்ட்ரியை இதைவிடச் சரியாக ஒரு வெள்ளை நீதிபதி அதற்கு முன் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆனால் அதே காரணத்தால், இது ஆங்கிலச் சட்டம் அறிந்த ‘சொத்துரிமை’ ஆகாது என்று முடிவு செய்து வழக்கைத் தள்ளிவிட்டார். சரியாகப் புரிந்துகொண்டதே தோல்விக்குக் காரணமாகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1992 ஜூன் 3-ஆம் தேதி நிலைமை மாறியது. வளைகுடாவுக்கு வடகிழக்கே, டோரஸ் நீரிணையில் இருக்கும் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் இதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாபோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தத் தீர்ப்பிலிருந்து 1993-இல் நேட்டிவ் டைட்டில் சட்டம் வந்தது.

நேட்டிவ் டைட்டில் என்றால் என்ன? பூர்வகுடிகளின் சொந்தச் சட்டத்திலிருந்து வரும் நில உரிமையை ஆஸ்திரேலியச் சட்டம் அங்கீகரிப்பது. அரசு புதிதாகக் கொடுக்கும் தானம் அது கிடையாது. முன்பே இருந்ததை ‘இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்வது. “வீட்டை எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள்” என்று அப்போது கிளம்பிய பீதிக்கு அடிப்படையே இல்லை. தனியாருக்கு முழு உரிமையோடு கிரயமான நிலத்தில் நேட்டிவ் டைட்டில் அற்றுப்போய்விடும் என்பதே சட்டம். 1996-இல் வளைகுடாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த விக் மக்களின் வழக்கில், மேய்ச்சல் குத்தகை நிலத்தில் இரண்டு உரிமைகளும் சேர்ந்திருக்கலாம் என்றது நீதிமன்றம். அங்கேயும் மோதல் வந்தால் குத்தகைக்காரர் உரிமைதான் மேலோங்கும்.

உண்மையில் இந்தச் சட்டத்தின் கனம் மறுபக்கம் விழுகிறது. குடியேற்றக் காலத்திலிருந்து அந்த நிலத்தோடு தங்கள் சட்டமும் வழக்கமும் தொடர்ந்து வருகின்றன என்று மக்களே நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டு, மிஷன்களில் அடைக்கப்பட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் “தொடர்பு அறுந்ததா இல்லையா?” என்று கேட்கிறது சட்டம். மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் இந்தக் கேள்வியில்தான் தோற்றார்கள். 2002-இல் அவர்களின் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இனி டெஸ்பரன்ஸ் இருந்திருக்கக்கூடிய அதே தென்கரை. 1994-இல் முராண்டூ யானர் என்ற கங்காலிடா மனிதர், பாரம்பரிய முறைப்படி எறியீட்டியால் இரண்டு இளம் முதலைகளைப் பிடித்தார். ஒரு பகுதியைக் குடும்பத்தோடு உண்டார். வனவிலங்குச் சட்டப்படி அனுமதி வாங்கவில்லை என்று குயின்ஸ்லாந்து அரசு வழக்குப் போட்டது. வனவிலங்கு அரசின் சொத்து என்பது அரசுத் தரப்பு வாதம். 1999-இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுமதி வாங்கு என்று சொல்வதாலேயே நிலத்தோடு உள்ள உறவு அறுந்துவிடாது என்றது. இரண்டு சிறு முதலைகளை வைத்து எவ்வளவு பெரிய கேள்வி பேசப்பட்டது பாருங்கள்: கன்ட்ரியில் உள்ள உயிர் யாருடையது?

அப்புறம் 2019-இல் டிம்பர் க்ரீக் வழக்கு. நேட்டிவ் டைட்டிலைப் பாதித்த அரசின் செயல்களுக்காக நாலிவுர்ரு, நுங்காலி மக்களுக்குச் சுமார் 25 லட்சம் டாலர் இழப்பீடு. அதில் 13 லட்சம் டாலர் பண்பாட்டு இழப்புக்கு மட்டும். சாலை போட்ட இடம் சிறியதுதானே என்று அரசு வாதிட்டது. நீதிமன்றமோ, ஒரே பெரிய ஓவியத்தில் ஆங்காங்கே துளையிட்டது போன்றது இது, துளையை மட்டும் அளந்து பார்க்க முடியாது என்ற அர்த்தத்தில் பேசியது. 1971-இல் ‘சொத்து ஆகாது’ என்று வெளியே நிறுத்தப்பட்ட அதே உறவு, 48 ஆண்டுகள் கழித்து உள்ளே வந்துவிட்டது.

சுருக்கமாக: நேட்டிவ் டைட்டில் வேறு, கன்ட்ரி வேறு. கன்ட்ரியின் ஒரு பகுதியை மட்டும் வெள்ளையர் சட்டம் பார்க்கத் தெரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயர் நேட்டிவ் டைட்டில்.

சுரங்கம்

குர்ஃபரிட் கற்பனை. ஆனால் வான்யி மக்களின் நிலத்தில், லான் ஹில் அருகே, செஞ்சுரி என்ற பெரிய துத்தநாகச் சுரங்கம் உண்மையிலேயே வந்தது. 1997-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1999-இல் உற்பத்தி தொடங்கியது. தோண்டிய தாதுக்குழம்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் குழாய் வழியாக வளைகுடாக் கரையின் கரும்பா துறைமுகத்துக்குப் போனது. முதலை வழக்கின் யானர் இதை எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர்.

ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. நேட்டிவ் டைட்டில் சட்டம் சுரங்கத்துக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையை மட்டும்தான் கொடுத்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் பேச்சு முடியவில்லை என்றால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். எதிர்ப்பவரும் கையெழுத்துப் போடுபவரும் ஒரே குடும்பத்தில் இருக்க நேர்வது இந்த நெருக்கடியில்தான். சுரங்கம் எப்படியும் வரும், வேலையும் பணமுமாவது கிடைக்கட்டும் என்று நினைப்பவரைக் குறை சொல்வது எளிது. ரைட் அப்படிச் செய்வதில்லை. நாவலில் சுரங்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட தரப்பைச் சேர்ந்த மிட்நைட் கிழவரிடம்தான் அவர் அந்தப் பாட்டைக் கொடுத்திருக்கிறார்.

கூட்டங்களில் கேட்கும் அந்த வரவேற்பு

சிட்னியிலோ மெல்பர்னிலோ வாழும் தமிழர்கள் பள்ளி விழாவிலும் அலுவலகக் கூட்டத்திலும் தொடக்கத்தில் சில வரிகள் கேட்டிருப்பார்கள். அதில் இரண்டு வகை. அந்த இடத்துக்கு உரிய பூர்வகுடி மூத்தவர் வந்து வரவேற்பது ‘வெல்கம் டு கன்ட்ரி’. மற்றவர்கள் யார் வேண்டுமானாலும் அந்த உரிமையாளர்களை நினைவுகூர்ந்து சொல்வது ‘அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி’. முதலாவதை வேறோர் இடத்தைச் சேர்ந்த பூர்வகுடிகூடச் செய்ய முடியாது, ஏனென்றால் அது அவருடைய கன்ட்ரி இல்லை.

“என் நாட்டுக்கு என்னையே வரவேற்பதா?” என்று சிலர் கோபப்படுகிறார்கள். 2025 ஏப்ரல் 25 அன்று மெல்பர்னில் போர் நினைவு நாள் விடியல் நிகழ்ச்சியில் வரவேற்புரையின்போது கூச்சல்கூடப் போட்டார்கள். அங்கே வரவேற்கப்படுவது ஆஸ்திரேலியா என்ற தேசத்துக்குள் இல்லை. இன்னாருடைய ஆறும் மரமும் உள்ள இந்தக் குறிப்பிட்ட இடத்துக்குள். பக்கத்து மக்களின் எல்லைக்குள் நுழையும்போது அனுமதி கேட்டு நிற்பதும் வரவேற்கப்படுவதும் பூர்வகுடிகளுக்குள்ளேயே இருந்த வழக்கம். அதைப் பிறருக்கும் விரித்துக் கொடுக்கிறார்கள்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு

முதல் இரண்டு அத்தியாயங்களில் கதைக்காக அவசரப்படாதீர்கள். யாரோ ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, நடுநடுவே வேறு பேச்சுக்குப் போய், சிரித்து, திட்டி, மறுபடி கதைக்கு வருகிற தொனியில் எழுதப்பட்டது அது. வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். பெயர்கள் குழப்பினால் மூன்று பேரை மட்டும் பின்தொடருங்கள்: நார்மல், ஏஞ்சல், வில். வளைகுடாவின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டெஸ்பரன்ஸ் அதில் இருக்காது. ஆனால் டூமாஜி, பர்க்டவுன், நார்மன்டன், கரும்பா எல்லாம் இருக்கும். ஆறுகள் எப்படி வளைந்து நெளிந்து இறங்குகின்றன என்பதைப் பார்த்தாலே பாம்பு கண்ணுக்குப் படும்.

மூன்று சிறுவர்கள் காவல் அறையில் இறக்கும் பகுதி கனமானது. அதை ஒரே இரவில் படிக்க வேண்டாம்.

ரைட் 2023-இல் எழுதிய ‘பிரைஸ்வொர்தி’ அவருக்கு மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதை 2024-இல் இரண்டாம் முறை வாங்கிக் கொடுத்தது. அதுவும் வடக்கே ஒரு சிற்றூர், ஒரு குடும்பம், நிலம் பற்றிய நாவல்தான். ஆனால் இன்னும் பெரியது, கடினமானது. ‘கார்பென்டேரியா’வை முடித்துவிட்டு அதற்குப் போவதே சரியான வரிசை என்பேன்.